நான்கு விரல் அகலக் காகிதம்

1

இப்போதெல்லாம் யாரும் ஒரு பக்கத்தைக் கடைசிவரை பார்ப்பதில்லை. விரலால் ஒரு தள்ளு, அடுத்தது. இன்னொரு தள்ளு, அதற்கடுத்தது. பார்த்து முடிப்பதற்குள் 'பிரமாதம்' என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்காமலே பாராட்டுகிற ஆளை எப்படி நம்புவது? திட்டுகிறவனாவது ஒரு தரம் பார்த்திருப்பான்.

இந்தக் கதை அந்த எரிச்சலில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மை வேறு. ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு பிரதிக்குள்ளும் நான்கு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு தனியாகக் கிடந்தது. வாங்கியவர்களெல்லாம் "இத எங்க ஒட்டறது?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை. படம் போடக் கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மா ஒரு நோட்டை என் கையில் திணித்து, "நடந்தத அப்படியே எழுதிடுங்க" என்றாள். கூடவே ஒரு நிபந்தனை: "'நான்'னு எழுதாதீங்க. 'நான்'னு ஆரம்பிச்சா எல்லா நியாயத்தையும் உங்க பக்கமே சேத்துப்பீங்க."

ஆகவே இந்தக் கதையில் கத்தி என்றொரு கிழவர் வருகிறார். அச்சகத்தில் நாற்பத்தொரு வருஷம் காகிதம் வெட்டியதால் வந்த பட்டப்பெயர். அது நான்தான். இனி அவர்.

2

தொடக்கங்கள்.

ஆதவன் தன் பொற்கதிர்களை மெல்லப் பரப்பிய அந்த இனிய காலைப்—

(விட்டாயிற்று. நடந்தது மத்தியானம். புழுக்கம் வேறு.)

கலை என்பது—

(என்னவென்று தெரியாது. எட்டாம் வகுப்பு பாதியோடு சரி.)

கத்தி கோபமாகப் படியேறினார்.

(இது நிற்கும். அவர் எந்தப் படியையும் வேறு மாதிரி ஏறியதில்லை.)

3

கத்தி கோபமாகப் படியேறினார். நூலகத்து மாடியில் எட்டு மேசை, சுற்றும்போது டிக் டிக்கென்று சொல்லும் ஒரு விசிறி, மசி கழுவிக் கழுவிக் கறுத்துப்போன ஒரு தொட்டி. சனிக்கிழமைதோறும் கார்ட்டூன் வகுப்பு. அன்று வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். நடத்துகிறவள் மட்டும் முழங்கையில் மசியோடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். அவளுடைய புத்தகங்களை அச்சகத்தில் அவர்தான் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்த புதுப் புத்தகம் இப்போது அவர் கையில் இருந்தது.

"இத வரஞ்சது யாரு?"

"நான்தான். உக்காருங்க."

"உக்கார வரல. கட்டமெல்லாம் கோணல். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு நூல் வித்தியாசம். வெட்டறவன் என்ன பாவம் பண்ணான்?"

அவள் ஸ்கேல் எடுத்து வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஸ்கேல் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணு எதுக்கு இருக்கு?"

"அப்போ ஒண்ணு செய்யலாம். கட்டம் நீங்க போடுங்க, உள்ள நான் போடறேன்."

இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. என்ன சூழ்ச்சி என்று கண்டுபிடிக்கத்தான் அடுத்த வாரமும் போனார். ஆறு வாரம் கட்டம் மட்டும் போட்டார். ஏழாவது வாரம் அவள் முதல் கட்டத்தை வரைந்துவிட்டு, இரண்டாவதை வெறுமையாக விட்டுக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது?"

"உங்க முறை."

சூழ்ச்சி அதுதான்.

4

அவர்கள் வேலை செய்த முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு கட்டம் அவள், அடுத்த கட்டம் அவர். விதி இரண்டே இரண்டு. ஒன்று, அடுத்தவர் போட்டதை அழிக்கக் கூடாது; பிடிக்காவிட்டாலும் அடுத்த கட்டம்தான் போட வேண்டும். இரண்டு, அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்கக் கூடாது.

இரண்டாவது விதி கத்திக்குப் பிடிக்கவே இல்லை. கேட்காமல் எப்படி நம்புவது? அதற்காகத்தான் அந்த விதி என்றாள்.

அவர் போட்ட முதல் ஆள் ஒரு லிஃப்ட்காரி. ஒன்பது மாடிக் கட்டடம், இரும்புக்கதவு லிஃப்ட், அதற்குள் பொத்தான்களைப் பார்த்தபடி ஒரு பெண். முதுகு மட்டும் தெரியும். கொண்டை, சீருடைக் கழுத்தில் பொத்தான் போன இடத்தில் ஒரு ஊக்கு. கத்திக்கு முகம் போட வராது. லிஃப்ட்காரி திரும்பி நிற்கிற ஆள், ஆகவே வசதி. (ஆசிரியர் குறிப்பு: காரணம் அவ்வளவுதான் என்று ஐந்து மாதம் அவரே நம்பினார்.)

வாத்தியாரம்மா அடுத்த கட்டத்தில் லிஃப்ட்டுக்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கியை ஏற்றினாள். கழுத்தை மூன்றாக மடித்துக்கொண்டு, "நாலாவது மாடி" என்றது அது.

கத்திக்கு வந்ததே கோபம். "லிஃப்ட்டுல ஒட்டகச்சிவிங்கி எப்படிம்மா வரும்?"

"கேக்கக் கூடாது."

அவர் அடுத்த கட்டத்தில் ஒரு பலகை மாட்டினார்: 'ஆறு பேர் மட்டும். கழுத்து தனியாகக் கணக்கிடப்படும்.'

அவள் சிரித்த சிரிப்பில் மசிக்குப்பி கவிழ்ந்தது. கத்தி உற்றுப் பார்த்தார். சும்மா மனம் குளிர வைப்பதற்காகச் சிரிக்கிறாளா? இல்லை, மூக்கில் சத்தம் வந்தது. மூக்கில் சத்தம் வந்தால் அது பொய்யில்லை. வீட்டுக்குப் போகும்போது நாலு படி சேர்த்து இறங்கினார். (அறுபத்தாறு வயது. முழங்கால் இரண்டு நாள் பேசவில்லை.)

அப்படியே லிஃப்ட் ஒன்பதாவது மாடியைத் தாண்டியது. பத்தாவது மாடியில் மறந்துபோன குடைகளெல்லாம் குடியிருந்தன. பதினான்காவது மாடியில் மேகங்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டன. ஏறியவர்களெல்லாம் அவரவர் மாடியில் இறங்கினார்கள். லிஃப்ட்காரி மட்டும் திரும்பவே இல்லை.

5

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. யார் இந்த லிஃப்ட்காரி?

ஒருநாள் கத்தி பழைய தேதித்தாளின் பின்பக்கம் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது, சவப்பெட்டியா?"

"லிஃப்ட்டு."

"லிஃப்ட்டா? என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. இருபத்திரெண்டு வருஷம் அதுக்குள்ளதான நின்னேன்." கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். போகிற போக்கில் சொன்னாள்: "அத்தன வருஷத்துல ஏறினவங்க ஒருத்தர்கூட என் மூஞ்சியப் பாத்ததில்ல. ரோட்டுல எதிர்ல வந்தா அடையாளம் தெரியாது. முதுகக் காட்டினாத்தான் 'அட, நீங்களா'ம்பாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கத்தியின் பென்சில் மட்டும் நின்றுவிட்டது.

அந்த ஊக்கை அவர் எங்கே பார்த்தார் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

சரி, இனி இந்தக் கதையில் எது நடந்தாக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைசிக் கட்டத்தில் லிஃப்ட்காரி திரும்ப வேண்டும். அந்த முகம் இவள் முகமாக இருக்க வேண்டும். புத்தகத்தில் அச்சேறி, நாலு பேர் பார்க்க, இவளும் பார்க்க வேண்டும். முகமே போட வராத கிழவர் அதைப் போட வேண்டும்.

நாற்பது முறை போட்டார். முதல் பத்தும் உருளைக்கிழங்கு. வாத்தியாரம்மா யாரென்று கேட்கவில்லை. "போட்ட முகத்தப் பாத்துப் போடாதீங்க, ஆளப் பாத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆளைப் பார்த்தார்.

"எதுக்கு என்னையே மொறைக்கறீங்க?"

"கண்ணுல தூசி."

"ஒரு வாரமாவா?"

நாற்பத்தொன்றாவதை நாலாக மடித்துக்கொண்டு போய் வாத்தியாரம்மாவிடம் நீட்டினார். "சிரிச்சா கிழிச்சிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்க வீட்டுக்கு என்னை எப்போ டீ குடிக்கக் கூப்பிடுவீங்க?" என்றாள்.

கத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். (அப்போதும் தூசிதான்.)

6

இனி நடந்ததை எழுதக் கை வரவில்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம். புத்தகம் அச்சாகி இருநூறு பிரதிக்கான தாள்கள் வந்தன. மற்றவர் வெட்டினால் சரியாக வராது என்று கத்தியே பழைய அச்சகத்துக்குப் போய் இயந்திரத்தின் முன் நின்றார். கடைசித் தாள் மட்டும் மற்றவற்றைவிட நான்கு விரல் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தாளை அளந்து போடக்கூடத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே, தட்டி அடுக்கி, ஒரே வெட்டு. வெட்டுகிறவன் படத்தைப் பார்க்க மாட்டான். பார்த்தால் விரல் இருக்காது.

இரண்டாவது விதம். பார்த்தார். மனைவியின் முகம் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஊரே பார்த்துச் சிரித்துவிட்டால்? அவளுக்கே பிடிக்காமல்போனால்? பயந்துபோய்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முதல் விதம்தான் நடந்தது. நம்பாவிட்டால் போங்கள்.)

மறுநாள் காலை வாத்தியாரம்மா அச்சகத்துக்கு வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். இன்னொரு பிரதியையும் எடுத்துத் திறந்து பார்த்தாள்.

"கீழ இருந்த கட்டம் எங்க?"

"எந்தக் கட்டம்?"

"முகம்! அந்தப் பக்கத்த மட்டும் நீளமா வச்சு உள்ள மடிக்கணும்னு பிளான் பண்ணியிருந்தேன். வாசிக்கறவங்க மடிப்பப் பிரிச்சா லிஃப்ட்காரம்மா திரும்புவாங்க. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்—"

"சொல்லியிருக்கணும்ல?"

"கேக்கக் கூடாதுன்னு விதி!"

"கேக்கத்தான கூடாது? சொல்லக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்தாற்போல் கழிவுத்தொட்டிப் பக்கம் ஓடினார்கள்.

உள்ளே இருநூறு முகங்கள் கிடந்தன. சில நேராக, சில தலைகீழாக, சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. இருநூறும் கத்தியைத்தான் பார்த்தன. வீட்டில் பார்க்கிற அதே பார்வை.

மூக்கில் முதலில் சத்தம் வந்தது வாத்தியாரம்மாவுக்கு. அப்புறம் கத்திக்கு. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் துடைத்தபின் அவள் சொன்னாள்: "அழிக்கக் கூடாது. அடுத்த கட்டம்தான். எல்லாத்தையும் பொறுக்குங்க. ஆளுக்கொண்ணு கையில குடுத்துடலாம்."

"முடிவத் தனியாக் கையில குடுக்கற புத்தகத்த எவன் வாங்குவான்?"

"பாப்போம்."

7

நூலகத்து மாடியில் வெளியீடு. நாற்பது பேர் வந்தார்கள். கத்தி மனைவியை "ஒரு வேலையிருக்கு, வா" என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருந்தார். அவள் பின் வரிசையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். ஒட்டகச்சிவிங்கிக்குச் சிரித்தாள். குடைகளுக்குச் சிரித்தாள். ஊக்கு வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. ஒரு தரம் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்போது காகிதத் துண்டு மடியில் நழுவி விழுந்தது.

கத்தி தூணுக்குப் பின்னால் நின்றார்.

"இந்தாங்க, இங்க வாங்க."

வந்தார்.

"இது யாரு?"

"யாருன்னு தெரியலயா?"

"மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?"

"இன்னும் பெருசு. கொறச்சுத்தான் போட்டேன்."

அவள் துண்டைக் கீழே வைக்கவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினாள், முன் வரிசைக்காரியிடம் காட்டினாள். தெரியாதவர்களிடமெல்லாம், "நான்தான், நான்தான்" என்றாள். பிறகு வாத்தியாரம்மாவின் மேசையிலிருந்து பசையை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள் என்று கத்தி காத்திருந்தார்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்து, முதல் கட்டத்துக்கு மேலேயே ஒட்டினாள்.

"ஏய்! அது கடைசிக்கு!"

"இருபத்திரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் கடைசிப் பக்கம்வரைக்கும் முதுகக் காட்டிட்டு நிக்கச் சொல்றீங்களா? மொதல்லயே திரும்பிட்டேன். இப்போ எவன் வேணா ஏறட்டும்."

வாத்தியாரம்மா இதைக் கேட்டுக் கைதட்டினாள். "மாமி, அடுத்த புத்தகத்துக்கு மூணாவது ஆளா வரீங்களா?"

"அதுக்கு மொதல்ல வீட்டுக்கு வா, டீ குடிக்கலாம். ஒட்டகச்சிவிங்கி நீ போட்டதுதான?"

8

இப்போது நாற்பது பேர் நாற்பது இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில். ஒருத்தி அட்டைமேல். ஒரு குழந்தை தன் நெற்றியில். உங்கள் துண்டு உங்கள் கையில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் இந்த நோட்டின் கடைசியில் எழுதச் சொல்கிறாள் வாத்தியாரம்மா. சரி, எழுதியாயிற்று.

ஆனால் கத்திக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. முதல் பக்கத்திலேயே முகத்தைக் காட்டிவிட்டால் மீதிப் பக்கங்களை எவன் திருப்புவான்? அதைவிட, அவள் அதைக் கோணலாக ஒட்டியிருந்தாள். இடது மூலைக்கும் வலது மூலைக்கும் ஒரு நூல் வித்தியாசம். சொன்னார். கேட்க ஆளில்லை. இரண்டு பெண்களும் அதற்குள் மூன்றாவது மேசையில் தலையோடு தலை சேர்த்து எதையோ வரைந்துகொண்டிருந்தார்கள்.

என்ன வரைகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தார். விதி ஞாபகம் வந்தது.

"கோணல்தான்" என்று படியிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.