களவெடுத்த செவ்வரத்தை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் படிக்க வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எனக்குப் 'பட்டாசு ரீச்சர்' என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு லிப்டுக்குள் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்ததும் வந்த கோபம் மூக்கோடு நிற்கவில்லை. நேரே உச்சிக்கு ஏறிவிட்டது.

'மொட்டைமாடியிலுள்ள பூச்சாடிகள் அனைத்தையும் அகற்றுவது தொடர்பாக இம்மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்தில் வாக்கெடுப்பு நடைபெறும். தலைவர், நமசிவாயம்.'

பூச்சாடியாம். அங்கே இருப்பது தோட்டம் ஐயா, தோட்டம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில், உப்புக்காற்று வந்து மோதுகிற எங்கள் ஐந்து மாடியின் தலையில், பச்சைமிளகாயும் கத்தரியும் கறிவேப்பிலையும் நான் பிள்ளை வளர்த்ததுபோல வளர்த்தவை. ஒரு பழைய பீப்பாய்க்குள் பப்பாசி. கதவடியில் நுகேகொடைச் சந்தையில் வாங்கிவந்த சிவப்பு அடுக்குச் செவ்வரத்தை. சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடம் தொடங்கிய தோட்டம் அது. பச்சைமிளகாய் தங்கவிலை விற்ற அந்த நாட்களில், என் மிளகாய் போடாமல் சம்பல் இடித்த வீடு இந்தக் கட்டடத்தில் கிடையாது. தலைவர் வீடும் சேர்த்துத்தான்.

இருந்தாலும் நியாயத்தைச் சொல்லவேண்டும். பூச்சி வந்திருந்தது உண்மை. பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருக்கும்; மாப்பூச்சி என்பார்கள். முதலில் செவ்வரத்தை மொட்டில் வந்தது, பிறகு கத்தரிக்கு, பிறகு பப்பாசிக்கு. செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பாகுபோல ஒன்றை வடிக்கும். அந்தப் பாகில் கறுப்புப் பூஞ்சணம் படரும். கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் பிசுபிசுத்தது. நமசிவாயம் ஐயாவின் வெள்ளைச் சேட்டுகள் கறுப்புப் புள்ளி போட்ட சேட்டுகளாகிவிட்டன. அந்த மனிதர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். சேட்டில் ஒரு புள்ளி விழுந்தால் அவருக்கு உலகமே பிழையாகிப்போகும்.

படிக்கட்டில் ஆளைப் பிடித்தேன்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறதோ ஐயா?"

"நான் வீட்டைக் கொளுத்தச் சொல்லேல்லை, ரீச்சர். சாடியைத்தான் எடுக்கச் சொன்னனான்."

"பூச்சியை நான் கலைச்சுக் காட்டுறன்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கலைச்சால் காணும்" என்று சொல்லிவிட்டு, கைபிடியைத் தொடாமல் நிமிர்ந்து இறங்கிப்போனார்.

என் முதல் வைத்தியத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு மேலே போய் எல்லாவற்றுக்கும் அடித்தேன். இரண்டு மிளகாய்க் கண்டுகளின் இலை பொசுங்கி விழுந்தது. மாப்பூச்சி மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டு அப்படியே இருந்தது.

மூன்றாம் மாடி றஸ்மியாதான் அதைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள். எனக்குத் தங்கைமாதிரி. "அக்கா, இதைத் திங்கிறது நாமதானே. விசத்த அடிச்சிட்டு அந்தக் கொச்சிக்காய எப்பிடிச் சம்பல் இடிக்கிற?" என்றாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. விவசாயத் திணைக்களத்துக்கு அவளே போன் போட்டாள். அங்கே பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: மோசமான கொப்புகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கொஞ்சம் கலந்து, வெயில் ஏறுமுன், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், விடாமல் அடியுங்கள்.

அடித்தோம். நானும் றஸ்மியாவும் ஒவ்வொரு இலையாகப் புரட்டி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். தோட்டம் குளித்துத் தலைவாரின பிள்ளைபோல நின்றது. எனக்கு அப்படியொரு புளுகம், சந்தோசம். பிறகு ஒரு காலை மேலே போனால், செவ்வரத்தை மொட்டில் மறுபடியும் பஞ்சு. நான் தரையில் குந்திவிட்டேன். அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

றஸ்மியா மறுபடியும் போன் போட்டாள். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கூம்பி இன்னவத, நோனா?"

எறும்பு இருக்கிறதா. இருந்தது. எவ்வளவோ இருந்தது. யார்தான் எறும்பைக் கவனிப்பார்கள்? பாகைக் குடிப்பதற்காக எறும்புதான் மாப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது, குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுச் செடியில் விடுகிறது என்றாள். உங்கள் செடி சுத்தமாகிய பிறகும் பூச்சி வருகிறதென்றால் வேறெங்கோ இருந்து வருகிறது, எறும்பின் பின்னால் போய்ப் பாருங்கள் என்றாள்.

போனேன். செவ்வரத்தைச் சாடியிலிருந்து ஒரு கறுப்பு வரிசை. கட்டுச்சுவரில் ஏறி, மழைத்தண்ணீர்க் குழாயோடு கீழே இறங்கியது. றஸ்மியா என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள நான் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். குழாய் ஐந்தாம் மாடிப் பல்கனியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பல்கனியில், ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததுபோல ஒரு சாடி. அதில் சிவப்பு அடுக்குச் செவ்வரத்தை, மொட்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

அது நமசிவாயம் ஐயாவின் பல்கனி.

இன்னும் குனிந்தேன். நாலாம் மாடியில் ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. பக்கத்துப் பல்கனியில் இரண்டு. எல்லாம் சிவப்பு, எல்லாம் அடுக்கு. எல்லாம் என்னுடையது. இந்தக் கட்டடம் முழுக்க எனக்குத் தெரியாமல் கொப்பு முறித்துக்கொண்டு போய் நட்டிருக்கிறது, என் பூச்சியையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது, இப்போது வட்டியோடு திருப்பி அனுப்புகிறது.

"கள்ளக் கூட்டம்" என்றேன். "ஒவ்வொரு கதவா இடிச்சுக் கேக்கிறன் பார்."

றஸ்மியா என் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "கேட்டீங்கண்டா எல்லாரும் இல்லண்டுதான் சொல்லுவாங்க. சாடியத் தூக்கி ரூமுக்குள்ள ஒளிப்பாங்க. பூச்சி அங்க நல்லாச் சாப்பிட்டுட்டு ஈக்கும். ஞாயித்துக்கிழம ஒங்களுக்கு எதிரா வோட்டும் போடுவாங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கட வீட்டிலயும் ஒண்டு ஈக்கி அக்கா" என்றாள்.

"எடி, நீயுமா? கேட்டிருந்தால் நான் தந்திருக்க மாட்டனோ?"

"கேட்டு வாங்கினாத் தழைக்காதே. பூக்கண்டு களவெடுத்து நட்டாத்தானே பூக்கும்."

என் அம்மாவும் அதைத்தான் சொன்னவ. யாழ்ப்பாணத்திலும் அதே, கொட்டாஞ்சேனையிலும் அதே. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் கட்டடம் பூத்தது, அதே நம்பிக்கையில்தான் இப்போது காய்ந்துகொண்டிருந்தது. கோபம் போன வழியால் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்தபோது எனக்கு வழியும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே கட்டடத்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'என்னுடைய செவ்வரத்தையின் பிள்ளைகளுக்குச் சுகமில்லை. சனிக்கிழமை காலை மொட்டைமாடிக்குக் கொண்டுவாருங்கோ. வைத்தியம் இலவசம். கடையில் வாங்கின செடிக்கு வைத்தியம் இல்லை. என்னிடம் களவெடுத்த செடிக்கு மட்டும்.'

ஒருவரும் பதில் போடவில்லை. சனிக்கிழமை காலையில் றஸ்மியா தன் சாடியைத் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே எல்லா மாடியிலும் நின்று நின்று படியேறி வந்தாள். அது போதும். கொஞ்ச நேரத்தில் லிப்ட் திறந்தது. வங்கியில் வேலைசெய்யும் சாரங்கன் இரண்டு சாடியோடு வந்தான்.

"நான் மூண்டுதரம் களவெடுத்தனான், ஆன்ரி. ஒண்டு செத்துப்போச்சு."

"வெக்கமில்லாமல் சொல்லுறாய். அங்கால வை."

பிறகு லிப்டுக்கு ஓய்வில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவர்கள், மற்றவர்கள் கையில் சாடியைக் கண்டதும் நிமிர்ந்தார்கள். 'நான் உங்களுக்கு முதலே களவெடுத்திட்டன்' என்று பெருமை பேசத் தொடங்கினார்கள். கீழ்மாடி புவாத் நானா ஒரு சாடியோடு வந்து, "இதுவும் ஒங்கடதான் டீச்சர்" என்றார்.

"நானா, என்ர செவ்வரத்தை சிவப்பு. இது மஞ்சள்."

"வளர வளர நிறம் மாறிட்டு டீச்சர்."

அதற்கும் வைத்தியம் செய்தேன். பொரளைக் கடையில் வாங்கினாலும் பூச்சி பூச்சிதானே. எல்லோரும் குந்தியிருந்து இலை புரட்டிக் கழுவினார்கள். கொப்பு வெட்டினார்கள், பை கட்டினார்கள். எறும்பு ஏறாமல் குழாயைச் சுற்றியும் சாடிகளின் அடியிலும் கிறீஸ் பூசினார்கள். ஒரு ஆள் மட்டும் வரவில்லை. குழாயில் கிறீசுக்குக் கீழே எறும்பு வரிசை சுற்றுவழி தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது எந்தப் பல்கனியிலிருந்து வருகிறதென்பது எனக்கும் றஸ்மியாவுக்கும் மட்டும் தெரியும். தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும்; மற்றவன் தோட்டமென்றால் அகற்றவேண்டுமாம்.

ஞாயிறு பின்னேரம் கூட்டம் மொட்டைமாடியிலேயே நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், கடற்காற்று, சுற்றிவரக் கழுவிய செடிகள். நமசிவாயம் ஐயா எழுந்தார். குரலில் வழக்கமான உறுதி இல்லை.

"செடிகள் இப்ப துப்புரவாக் கிடக்கு. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் போனமுறையும் துப்புரவாக்கினவ, திரும்ப வந்தது. இந்தமுறை வராதெண்டு ரீச்சர் உறுதி தருவாவோ?"

என் நாக்கு துடித்தது. 'உங்கட ஏ.சி. பெட்டிக்குப் பின்னால என்ன கிடக்கு ஐயா' என்று ஒரு வரி கேட்டால் போதும். கட்டடமே சிரிக்கும், நான் வென்றுவிடுவேன். றஸ்மியா என் கையைக் கிள்ளினாள். கிள்ளியிருக்காவிட்டாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மனைவி போனபிறகு தனியாக இருக்கிற மனிதர். ஆளை அவமானப்படுத்தினால் சாடி கீழே குப்பைத்தொட்டிக்குப் போகும், பூச்சி ஒழுங்கை முழுக்கப் போகும்.

எழுந்தேன். அவரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னேன்.

"உறுதி தரேலாது. பூச்சிக்கு வீட்டு நம்பர் தெரியாது. என்ர செடியை நான் மட்டும் காப்பாத்தேலாது. ஒரு வீட்டில கிடந்தால் எல்லா வீட்டிலையும் கிடந்த மாதிரித்தான். இன்னும் ஒரு சாடி மேல வரேல்லை. அது வந்தால் உறுதி தருவன். வராட்டி நீங்கள் சொன்னதுதான் சரி, எல்லாத்தையும் எடுத்துவிடலாம்."

நமசிவாயம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப்போனார். "கோவத்தில போறார்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

லிப்ட் மணி அடித்தது. அவர் வந்தார். இரண்டு கையாலும் சாடியை நெஞ்சோடு அணைத்திருந்தார். புதுச் சலவைச் சேட்டில் மண்ணும் பஞ்சும் பாகும் அப்பியிருந்தன. ஒரு எறும்பு அவர் கொலரில் ஏறிக்கொண்டிருந்தது.

"இதுவும் உங்கட பிள்ளைதான், ரீச்சர்" என்றார். "மனுசி போனபிறகு பிள்ளையாருக்கு நாளாந்தம் ஒரு பூ வைக்கலாமெண்டு களவெடுத்தனான். இப்ப ஒரு மொட்டும் விரியுதில்லை. எப்பிடியாவது காப்பாத்தித் தாங்கோ."

நான் சாடியை வாங்கப்போனேன். அவர் விடவில்லை. நெஞ்சோடு அணைத்தபடியே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தோட்டத்தை அகற்றவேணுமெண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் உயரவில்லை. அவருடைய இரண்டு கையும் சாடியில் இருந்தன.

புவாத் நானாதான் முதலில் கைதட்டினார். பிறகு மொட்டைமாடியே தட்டியது. கீழே ஒழுங்கையில் போனவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். நான் மறுபடியும் அழுதேன், இந்தமுறை சந்தோசத்தில்.

இப்போது ஒவ்வொரு பல்கனியிலும் சிவப்பு பூத்திருக்கிறது. கீழ்மாடியில் மட்டும் மஞ்சள். பப்பாசி காய்த்துக் குலுங்குகிறது. சனிக்கிழமைகளில் தலைவர் கையில் பூதக்கண்ணாடியோடு மேலே வந்து இலையின் அடிப்பக்கம் கணக்காய்வு செய்கிறார். மொட்டைமாடிக் கதவடியில் சவர்க்காரத் தண்ணீர் வாளி ஒன்று வைத்திருக்கிறேன். மேலே பலகையில் எழுதியிருக்கிறேன்: 'களவெடுக்கிறவர்கள் கழுவிக்கொண்டு போகவும்.'

போன கிழமை நமசிவாயம் ஐயா என் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார். அடியில் இரண்டு குட்டிக் கண்டுகள் முளைத்திருந்தன.

"ரீச்சர், இதில ஒண்டு..."

"கேட்டால் தரமாட்டன்" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு விளங்கிவிட்டது. நான் திரும்பி நின்று கடலைப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் வெயிலில் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் மண் கிளறும் சத்தம் கேட்டது, பிறகு மெல்லக் கதவடிக்குப் போகும் செருப்புச் சத்தம். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வாளிக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. நன்றாக, ஆறுதலாக, வேரோடு இலையோடு கழுவுகிற சத்தம்.