எக்ஸ்ரே படியேறிய வாரம்

ஆஸ்பத்திரியின் சுற்றுச்சுவரைப் பார்த்தாலே நர்சம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கமும் எரிச்சல் ஒரு பக்கமுமாக வரும். ஏழு வருஷமாக, ஆண்டு விடுமுறை விட்டதும், நகரத்திலிருந்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேவை செய்கிறோம் என்று வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவருக்கே வர்ணம் பூசினார்கள். ஒரு வருஷம் மஞ்சள், ஒரு வருஷம் பச்சை, இன்னொரு வருஷம் பட்டாம்பூச்சிகள், போன வருஷம் ரோஸ். பூசிப் பூசிச் சுவர் பாதி அங்குலம் பருத்துப் போயிருந்தது. போகும்போது சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நர்சம்மாவும் நடுவில் நின்று பல்லைக் காட்டுவாள். பிள்ளைகள் மனசு நோகக் கூடாதே.

இந்த வருஷம் வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். கூடவே கழுத்தில் விசிலும் கையில் ஒரு பட்டியலுமாக அவர்களுடைய ஆசிரியர். பட்டியலில் முதல் வரி என்னவென்று நர்சம்மா கேட்கவே இல்லை. டப்பாக்களில் இருந்தது ஊதா.

மலைச்சரிவில் நாலு அறை கொண்ட ஆஸ்பத்திரி அது. சுற்றியிருக்கும் ஒன்பது குடியிருப்புகளுக்கும் அது ஒன்றுதான். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்சம்மா ராஜ்ஜியம். கீழே பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலே வர இருநூற்றுப் பன்னிரண்டு படி. முன்பு வண்டி வரும் ரோடு ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மழையில் அது சரிந்து பள்ளத்தாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது. நேரம் பார்த்து, அதே மாதம்தான் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர்கள் அண்ணாந்து படிகளைப் பார்த்தார்கள், கீழே இருந்த சுகாதாரக் கிடங்கில் பெட்டிகளை இறக்கினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மேலே அதற்கென்றே கனத்த சுவரும் ஈயத்தகடு அடித்த கதவுமாகக் கட்டிய அறையில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

கிடங்கைப் பார்த்துக்கொண்டது நர்சம்மாவின் நாத்தனார். மூன்று பெட்டிகளும் அவளுடைய இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. வாரம் ஒருமுறையாவது போன் வரும்.

"அண்ணி, உங்க பொண்ணுங்க மூணு பேரும் எப்பதான் புகுந்த வீட்டுக்குப் போவாங்க? பெரியவ மேல பூனை குட்டி போட்டிருக்கு."

பெரியவள் என்றால் மூன்றாவது பெட்டி. எடை நூற்றுத் தொண்ணூறு கிலோ. நர்சம்மா பதினொரு கடிதம் எழுதிவிட்டாள். ரோடு வந்ததும் ஆவன செய்யப்படும் என்று பதினொரு பதில் வந்தது. பன்னிரண்டாவது எழுதக் கை வரவில்லை.

பிள்ளைகள் வந்த மறுநாள் காலை. பாதிப் பேர் பழைய ரோஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது தபால்காரரின் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனார்கள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. தபால்காரர் மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள்.

அதில் ஒரு பெண் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தாள். கூட வந்தவர்கள் அவளை ஸ்கேல் என்று கூப்பிட்டார்கள். அவள் நர்சம்மாவின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அவங்களை எங்க தூக்கிட்டுப் போறாங்க?"

"படம் எடுக்க."

"படமா?"

"எலும்பைம்மா. எக்ஸ்ரே. டவுனுக்குப் போகணும். போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம்."

"இங்க மெஷின் இல்லையா?"

"இருக்கு. கீழ இருக்கு."

"கீழ எதுக்கு இருக்கு?"

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருஷத்தில் வந்த பிள்ளைகளில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கும்படி அவளும் எதையும் சொன்னதில்லை. முழுக் கதையையும் சொன்னாள். அந்தப் பெண் ஊம் கொட்டிக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது ஸ்கேலைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து மூச்சு வாங்க மேலே வந்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பேனாவால் எண்கள். மூன்று பெட்டிகளின் நீளம், அகலம், உயரம், படியின் அகலம், எல்லாம்.

"கிடங்கு அக்கா டேப் குடுத்தாங்க. பெட்டியை மேல கொண்டுபோகலாமான்னு கேட்டதும் என்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்காத குறைதான் அவங்க. அக்கா, நாங்க இருபத்தெட்டு பேர் இருக்கோம்."

"இருந்து? பெட்டி உங்க கால் மேல விழுந்தா உங்கப்பா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது? போய்ச் சாப்பிடு."

ஆசிரியரும் அதையேதான் சொன்னார். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளில் இலகுவான வேலை என்று எழுதியிருக்கிறது, வர்ணம் வாங்கியாகிவிட்டது, இது கூலிக்காரர்களே பயந்த வேலை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நர்சம்மாவுக்கும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றியது.

ஆனால் சாயங்காலம் வீட்டில் சாப்பாடு போடும்போது வாய் சும்மா இருக்கவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் தச்சு வேலை செய்பவர். பேச்சு குறைவு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது என்று தங்கையே கேலி செய்வாள். கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஈர விரலால் தரையில் கோடு போட்டார்.

"தூக்கினாதான் கஷ்டம். இழுக்கலாம்."

"எப்படிங்க?"

"படி மேல ரெண்டு நீளப் பலகை. அது மேல ஒரு சறுக்குக் கட்டை. முன்னால கயிறு. அடிக்கு ஒரு ஆப்பு, பின்னால நழுவாம."

அன்றைக்கு அவர் இருபது வார்த்தை தாண்டிவிட்டார்.

மறுநாள் காலை மெஷினைப் பொருத்தித் தர வேண்டிய டெக்னீஷியனுக்கு நர்சம்மா போன் போட்டாள். அவர் சொன்னார்: "ரூமுக்கு வந்துட்டா நான் வந்து மாட்டிடுவேன் சிஸ்டர். எப்படி வந்துதுன்னு கேட்கிறது என் வேலை இல்ல. பெட்டியைத் திறக்காதீங்க. பெரிய பெட்டியைச் சாய்க்காதீங்க. அதுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சாஞ்சா சிவப்பா மாறிடும். மாறிடுச்சுன்னா திருப்பி அனுப்ப வேண்டியதுதான்."

படி செங்குத்தாக ஏறுகிறது. பெட்டி சாயக் கூடாது. ஸ்கேல் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் படியின் சரிவை அளந்தாள். அந்த அளவுக்கு வீட்டுக்காரர் சறுக்குக் கட்டையின் மேல் முக்கோணமாக ஒரு பீடம் அடித்தார். கட்டை சரிந்து நின்றாலும் மேலே உட்கார்ந்தது நிமிர்ந்தே இருக்கும். ஆப்புகளுக்கு ஆளுயரக் கைப்பிடி போட்டார், பக்கத்தில் நின்றபடியே சொருக. பாரத்துக்குக் கீழே ஒருத்தரும் நிற்கக் கூடாது.

பெட்டிக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி ஆசிரியர் கண் முன்னாலேயே நாற்பது படி இழுத்துக் காட்டினார்கள். பிறகு வீட்டுக்காரர் கயிற்றை விடச் சொன்னார். எல்லாரும் கையை எடுத்தார்கள். கட்டை அசையவில்லை. ஆசிரியர் கிட்டே போய்க் காலால் ஓர் உதை விட்டார். அப்போதும் அசையவில்லை.

"சார், எங்க வாத்தியாருங்க இத்தனை வருஷமா எங்களுக்கு ஆப்பு வெச்சாங்க," என்றான் ஒருவன். "இப்ப நாங்க வெக்கிறோம்."

ஆசிரியர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டார். பிறகு பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு விசிலைத் துடைத்தார். "ஒரு விசில்னா இழு. ரெண்டு விசில்னா நிறுத்து. எல்லார் காலிலும் ஷூ இருக்கணும். நான் சொல்றதுக்கு மேல ஒரு படி போகக் கூடாது."

நாலாம் நாள் சின்னவளும் நடுவிலவளும் மத்தியானத்துக்குள் மேலே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் இழுக்க, ஆறு பேர் பலகை மாற்ற, நாலு பேர் ஆப்பு, மீதிப் பேர் தண்ணீர் கொடுக்கவும் கைமாற்றவும். குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வந்து மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேடிக்கை பார்க்க வெட்கமாக இருந்ததோ என்னவோ, அவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள்.

ஐந்தாம் நாள் பெரியவள் கிளம்பினாள். நாத்தனார் கிடங்குக் கதவருகே நின்று, "போய்ட்டு வாடி மகராசி, திரும்பி மட்டும் வந்துடாத," என்று வழியனுப்பினாள்.

நூறு படி வரை பிசகில்லை. நூற்று நாற்பதில் தூறல் விழுந்தது. பலகை வழுக்கி, கட்டை அரையடி பின்னால் சறுக்கி, ஆப்பில் மோதி நின்றது. ஆப்பைப் பிடித்திருந்த பெண், "நின்னுடுச்சு சார்," என்றாள். ஆசிரியர் பெட்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்தச் சொன்னார். பலகையில் மணலைத் தூவினார்கள். ஒரு விசில். மறுபடி ஒரு விசில்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் கட்டை ஏறி நின்றபோது கைதட்டல் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. ஸ்கேல் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்கா, படியை அளந்தேன். ரூம் கதவை அளந்தேன். இந்த கேட்டை அளக்கல."

பெட்டி மூன்றே முக்கால் அடி. சுற்றுச்சுவரின் வாசல் மூன்றரை அடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. பெட்டியைத் திறக்கக் கூடாது, சாய்த்துச் சுவரைத் தாண்டவும் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் தூறலைத் தாங்கும், மழையைத் தாங்காது. அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது.

நர்சம்மா சுவரைப் பார்த்தாள். அதில் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். எழுதினால் பன்னிரண்டாவது கடிதம் ஆகும். பன்னிரண்டாவது பதிலும் வரும். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் சொருகினாள்.

"என்னங்க, சம்மட்டி எங்க?"

வீட்டுக்காரர் சம்மட்டியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். "சுவரு கவர்மெண்டுது."

"நானும் கவர்மெண்டுதான். குடுங்க."

முதல் அடி அவளுடையது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தோள்பட்டைதான் விண்ணென்றது. இரண்டாவது அடியில் காரை உதிர்ந்தது. மூன்றாவதில் வாசல் தூணோரம் ஒரு செங்கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அதன் பிறகு அவள் கையில் யார் சம்மட்டியை விட்டார்கள்? ஆசிரியரே கையை மடித்து விட்டுக்கொண்டு வந்து வாங்கினார். ரோஸ், பட்டாம்பூச்சி, பச்சை, மஞ்சள் எல்லாம் அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தன. கால் மணி நேரத்தில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு வழி பிறந்தது. பெட்டி உள்ளே போய், ஈயக் கதவைத் தாண்டி, விரிப்புகளை எடுத்துவிட்ட அறையின் நடுவில் உட்கார்ந்தது. கதவைச் சாத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

இருபத்தெட்டுப் பேரும் தாழ்வாரத்தில் நனைந்தபடி உட்கார்ந்து கைக் கொப்புளங்களை ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்கள். நர்சம்மா ஒவ்வொரு கையாகப் பிடித்து மருந்து தடவினாள். ஸ்கேலின் முறை வந்தபோது அவள் கையை நீட்டாமல் நர்சம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் பிள்ளைகளும் வீட்டுக்காரரும் வாசலை ஆறடி அகலத்துக்கு வைத்துச் சுவரைக் கட்டினார்கள். எல்லாரும் கொத்து வேலை கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் வைத்த வரிசை மட்டும் பாம்பாக வளைந்து, இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. மேலிடத்திலிருந்து கிடங்குக்குப் போன் வந்தது. "சார், இங்க இடம் காலியாயிடுச்சு," என்றாள் நாத்தனார். "மெஷின் போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு. அப்படியே எழுதிக்குங்க." மறுமுனையில் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

எட்டாம் நாள் டெக்னீஷியன் வந்தார். நேராகப் பெரிய பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளை.

"நல்ல ரோட்டுல லாரியில வர்ற பெட்டியே பாதி சிவப்பா வரும். இதை யாரு கொண்டு வந்தது?"

ஸ்கேலை எல்லாரும் முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் திரும்பி, தன்னைத் தள்ளிவிட்டவர்களையே கை காட்டினாள்.

பிள்ளைகள் புறப்படும் நாள் டாக்டர் வரும் நாளாகவும் அமைந்தது. காலை ஒன்பது மணிக்கு, மேலே இருக்கும் குடியிருப்பிலிருந்து பால்காரர் வந்தார். மாடு முட்டித் தள்ளி மணிக்கட்டு வீங்கியிருந்தது. தோளில் ஒரு பை; அதில் மாற்றுத் துணி, தண்ணீர், பொட்டலமாக ஏதோ சாப்பாடு.

"சீட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர். பத்து மணி பஸ்ஸைப் பிடிச்சுடறேன்."

"பையை அங்க வைங்க," என்றாள் நர்சம்மா. "உள்ள வாங்க."

ஜன்னலில் இருபத்தெட்டுத் தலைகள். மெஷினை மாட்டி முடித்திருந்த டெக்னீஷியன் எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டிவிட்டு ஈயக் கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ உறுமி அடங்கியது. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்பில் வெள்ளையாக ஐந்து விரல்கள், அவற்றின் கீழே மயிரிழை போல ஒரு விரிசல்.

"இது என் கையா?" என்றார் பால்காரர்.

"உங்க கைதான். மாவுக்கட்டு போட்டா ஆறு வாரத்துல சரியாயிடும்."

"டவுனுக்குப் போக வேணாமா?"

"வேணாம்."

பால்காரர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பையைத் திறந்து, டவுனுக்கென்று கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை வாசலில் நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதற்குள் செய்தி எப்படிப் பரவியதோ, கீழ்க் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள்.

படிகளில் பிள்ளைகளின் கூச்சல் இறங்கிப் போவது கேட்டது. நர்சம்மா புதிய பேரேட்டைத் திறந்து, எண் ஒன்றுக்கு நேராகப் பால்காரரின் பெயரை எழுதினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்தது யாரு, வாங்க."