விபெக்கெயின் ஏழாவது சரணம்

1.

இந்தக் கதை ஒரு பிறந்தநாள் பாட்டாக இருந்திருக்க வேண்டியது. ஏழு சரணம், எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒரு மெட்டு, சரணத்துக்கு ஒரு கிண்டல், கடைசியில் எல்லோரும் எழுந்து கோப்பையைத் தூக்கும் இடம். டென்மார்க்கில் ஒருவருக்கு அறுபது வயதானால் இது தப்பாமல் நடக்கும். தடுக்கச் சட்டம் இல்லை. வீட்டில் பாட்டெழுத ஆள் இல்லாதவர்கள், கல்லூரி ஆண்டு விழாவில் பேராசிரியர்களைக் கேலி செய்து எழுதும் என்னைப் போன்றவனைப் பிடிப்பார்கள். என்னைப் பிடித்தவர் என் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருக்கும் பிரெபென். பாட்டு அவர் மனைவி விபெக்கெவுக்கு.

ஆறு சரணம் எழுதிவிட்டேன். ஏழாவது வரவில்லை. அந்த வராத சரணம்தான் இப்படி நீண்டுபோய் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

2.

ஸ்வென்போர் துறைமுகத்தின் மேல் சாம்பல் நிற மேகங்கள் கவிந்து

(வேண்டாம். மேகத்துக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்றைக்கு நல்ல வெயில் வேறு.)

விபெக்கெ ஒரு போராளி. புற்றுநோயை எதிர்த்து அவள்

(இதை அவளிடமே படித்துக் காட்டினேன். இரண்டு விரலை உயர்த்தினாள்.)

இரண்டு விரல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபெக்கெ இருபது வருடத்துக்கு மேல் ஹேண்ட்பால் நடுவராக இருந்தவள். அந்த ஆட்டத்தில் நடுவர் இரண்டு விரலை உயர்த்தினால் தப்பு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதே விதி அவள் வீட்டிலும் உண்டு. பிரெபென் காப்பிக் கோப்பையோடு பால்கனிக்குப் போய்விடுவார். நான் நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே வந்ததும் சொன்னாள்: "போராளின்னா எதிர்ல ஒருத்தன் வேணும். நான் நடுவர்ப்பா. யார்கூடவும் சண்டை போடல. விதிப்படி ஆடுங்கடான்னு சொல்றேன், அவ்வளவுதான்."

ஆகவே கதை இப்படித் தொடங்குகிறது: மார்பில் தொடங்கிய புற்றுநோய் விபெக்கெயின் மூளைக்குப் பரவிவிட்டதாக ஜூன் மாதத்தில் தெரிந்தது.

"இது சரி. யாருக்கு, எங்க, எப்போன்னு இருக்கு," என்றாள்.

3.

மருத்துவர் லிஸ்பெத் படத்தைக் காட்டினாள். பின்தலையில் பெரியதாக ஒன்று. அங்கங்கே பொடிப்பொடியாகச் சில. வழி மூன்று என்றாள். ஒன்று, தலை முழுக்கக் கதிர் கொடுப்பது. எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிக்கும். ஆனால் சோர்வு வரும், முடி போகும், ஞாபகமும் யோசனையும் மந்தமாகலாம். இரண்டு, பெரியதற்கு மட்டும் குறிவைத்துக் கதிர், மற்றவற்றுக்கு மாத்திரை. தலை தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். பொடிகள் வளர்ந்துவிடவும் வாய்ப்பு உண்டு. மூன்று, புற்றுநோயை விட்டுவிட்டு வீக்கத்துக்கும் வலிக்கும் மட்டும் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பது. மூன்றில் எதுவுமே தப்பான முடிவு இல்லை என்பதை அவள் அழுத்திச் சொன்னாள்.

பிரெபென் முதல் வழி என்றார். எதையும் பாக்கி வைக்கக் கூடாது, முழுத் தலைக்கும் கொடுங்கள் என்றார். தோட்டத்துக் களையைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார். மகள் மைகென் மூன்றாவது வழி என்றாள். அம்மா போதுமான அளவு பட்டுவிட்டாள், கடலோரக் கோடை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். அப்பாவும் மகளும் விபெக்கெயின் தலையைப் பற்றி விபெக்கெயின் தலைக்கு மேலேயே பேசினார்கள்.

விபெக்கெ இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலை உயர்த்தினாள். இருவரும் எழுந்து வெளியே போனார்கள். பழக்கமில்லாத லிஸ்பெத்தும் பாதி எழுந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க. உங்கள இல்ல."*

* இந்த ஊரில் மருத்துவரும் 'நீ'தான், மந்திரியும் 'நீ'தான். தமிழில் எழுதும்போது ஒரு 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. விபெக்கெவுக்குத் தெரிந்தால் நான் மறுபடி செருப்பு அலமாரிதான்.

4.

இப்போது எனக்குப் பிரெபெனிடம் ஒரு பிரச்சினை.

முதல் வரைவில் அவரைக் கோழையாக எழுதியிருந்தேன். அதற்கு ஆதாரமும் இருந்தது. பாட்டுக்கு விவரம் சொல்ல வந்தவர், "அவளுக்கு ஹெர்ரிங் மீன் பிடிக்கும்" என்று சொல்லவில்லை. "ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றார். அந்த நேரத்தில் அவள் கீழே சமையலறையில் ரை தானிய ரொட்டி மேல் ஹெர்ரிங்கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசனை மாடி வரை வந்தது.

பிறகுதான் கெர்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். கெர்ட், ஹேண்ட்பால் மன்றத்தின் கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். ஆகஸ்ட்டில் உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீள மேசை போடவா, வட்ட மேசை போடவா என்று விபெக்கெயிடமே கேட்டான். அவளுக்குத் தெரியாமல் செய்கிறார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விபெக்கெ பிறந்தது நவம்பர் கடைசியில்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சிகிச்சை விஷயத்தில் எதிரும் புதிருமாக நின்ற புருஷனும் மகளும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்: இவள் நவம்பரைப் பார்க்கப்போவதில்லை. யார் வாய்விட்டும் சொல்லாததை ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

"ஆகஸ்ட்ல எனக்கு என்ன வயசு, பிரெபென்?"

"அம்பத்தொம்பது."

"அம்பத்தொம்பதுக்கு யாராவது ஹால் எடுப்பாங்களா?"

"வெயில் நல்லா இருக்குமேன்னு..."

"வெயிலு."

பிரெபென் மேசை விரிப்பின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீ கேக்கறப்போ பாடணும்னு நெனச்சேன். அவ்வளவுதான். நீ இல்லாதப்போ பாடினா, அத யாரு கேப்பா?"

(கோழை என்ற சொல்லை இந்த இடத்தில் அடித்தேன். பதிலுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. பிரெபென் இனி இந்தக் கதையில் அடைமொழி இல்லாமலே நடமாடுவார்.)

விபெக்கெ இந்த முறை விரலை உயர்த்தவில்லை. அவர் தட்டில் ஒரு ஹெர்ரிங் துண்டை எடுத்து வைத்தாள். பிறகு கோபித்துக்கொண்டாள். இரண்டையும் தனித்தனியாகத்தான் செய்வாள்.

5.

மறுநாள் அவள் லிஸ்பெத்தைக் கூப்பிட்டாள். இதே இடத்தில் நானாக இருந்தால் எத்தனை மாதம் என்று கேட்டிருப்பேன். வாசகரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். அவள் கேட்டது வேறு. நவம்பர் கடைசியில் ஒரு பாட்டைக் கேட்டு, அதில் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று புரிந்து சிரிக்க வேண்டும். மூன்று வழியில் எது அதற்குத் தோது?

லிஸ்பெத் சொன்னாளாம். முதல் வழியில் நீங்கள் வருவீர்கள். ஆனால் மூன்றாம் சரணத்திலேயே களைத்துவிடலாம், கிண்டல் தாமதமாகப் புரியலாம். இரண்டாவதில் வந்தால் தெளிவாக வருவீர்கள். பொடிகள் வளர்ந்தால் நாம் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். மூன்றாவதென்றால், நவம்பரை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அன்று மாலை விபெக்கெ புருஷனையும் மகளையும் சோபாவில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே சொன்னாள். நிற்பதற்கு அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டாள்.

"பெரிசுக்கு மட்டும் கதிர். மத்ததுக்கு மாத்திரை. அக்டோபர்ல ஸ்கேன். அது நல்லா இல்லன்னா முழுத் தலைக்கும் குடுக்கற பேச்சே கெடையாது, பிரெபென். அப்போ மைகென் சொன்ன மாதிரி கடல், நாற்காலி, போர்வை. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் யாரும் வந்து தீர்ப்ப மாத்தச் சொல்லக் கூடாது."

மைகென் அழுதாள். பிரெபென், ஸ்கேன் நன்றாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதைப் பற்றி மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.

"நல்லா இருந்தா நீ கேக்குக்கு வெண்ணெய் வாங்கிட்டு வா. பிறந்தநாள் நவம்பர்ல. கெர்ட்டுகிட்ட சொல்லிட்டேன், நீள மேச. நான் வரலன்னாலும் பாடுங்க. ஹால சும்மா பூட்டி வைக்க வேணாம்."

6.

பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடியேறி என்னிடம் வந்தாள். ஆறு சரணத்தையும் படித்தாள். நான்காவதில், உள்ளூர் ஆட்டத்தில் சொந்தக் கொழுந்தனையே வெளியே அனுப்பிய இடத்தில், சிரித்தாள். ஏழாவதற்கு நிபந்தனை போட்டாள்: அவள் இருந்தாலும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டாலும் பொருந்த வேண்டும். அழுகை ஆகாது. 'தைரியம்' என்ற சொல் ஆகவே ஆகாது.

நான் எழுதியவை:

நண்பர்களே, நாற்காலி காலியில்லை, அதில்

(காலியாக இருந்தால்?)

எங்கே இருக்கிறாளோ அங்கே நம் பாட்டு

("பாத்ரூம்ல இருப்பேன். மாத்திரை அப்படி.")

கோப்பையை உயர்த்துங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்

("எங்கேருந்து, மேலேருந்தா? எனக்கு உயரம்னாலே தல சுத்தும்.")

சரணம் வராததால் கதைக்காவது முடிவு எழுதலாம் என்று இரண்டு எழுதினேன். முதலாவதில் ஸ்கேன் நன்றாக வருகிறது. விபெக்கெ மேசையின் தலைமுனையில் உட்கார்ந்து எங்கள் சுருதியைத் திருத்துகிறாள். இரண்டாவதில் பிரெபென் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நாலாவது சரணத்தில் தானே சிரித்துவிடுகிறார். (அற்புதம் நடந்து எல்லாம் மறைந்துபோகும் மூன்றாவது ஒன்றும் மனதில் இருந்தது. அதை எழுத எனக்கு உரிமம் இல்லை.)

இரண்டையும் படித்தாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆட்டம் நடந்துட்டு இருக்கறப்போ கோல் கணக்க எழுதி முடிச்சிட்டியே. எந்த நடுவராவது கையெழுத்துப் போடுவாளா?"

போடவில்லை.

7.

இது அக்டோபர். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, முடிவு வியாழக்கிழமை. அவள் கார் ஓட்டக் கூடாது என்பதால் பிரெபென் ஓட்டுகிறார். வழியில் பேச அனுமதி இல்லை.

பாட்டு அச்சுக்குப் போய்விட்டது. ஆறு சரணம், அதன் கீழே '7' என்ற எண், அதன் கீழே வெற்றிடம். தாளோடு ஒரு பென்சிலும் வைக்கச் சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டு மக்கள் தாளில் இருப்பதை அப்படியே பாடிவிடுவார்கள். தாளில் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியாது.

நீங்களும் வாருங்கள். நாலு மணிக்கே இருட்டிவிடும். மன்றத்துக் கூடத்தின் விளக்கு தெருவிலிருந்தே தெரியும். நீள மேசையில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், தலைமுனையில் இருக்கும் நாற்காலியைத் தவிர. என்ன ஆனாலும் அதை மடக்கி அடுக்கக் கூடாது என்று கெர்ட்டிடம் சொல்லியிருக்கிறது. ஆறாவது சரணம் முடிந்ததும் ஒரு அமைதி வரும். அப்போது அந்த நாற்காலியைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். மெட்டு பக்கத்தில் இருப்பவரிடம் கிடைக்கும்.

'தைரியம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதி, அந்த நாற்காலியிலிருந்து இரண்டு விரல் உயர்ந்தால், வாக்குவாதம் செய்யாமல் வெளியே போய் நில்லுங்கள். குளிராகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம்தானே.