நாயுடுபுரம் கம்ப்யூட்டருக்கு மூடுபனி வேலைக்கு வந்த கதை

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்த மலைப்பயிர்ப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு 1984-ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து மூடுபனி காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பிப் போனது. மற்ற ஊழியர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். டீ குடிக்க வெளியே போகாது. கம்ப்யூட்டரைக் குளிர வைப்பது அதன் வேலை.

அந்தக் கம்ப்யூட்டர் எழுபதுகளின் நடுவில் மதுரைக்கு வந்தது. கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு அளவு இருக்கும். மதுரை வெயிலில் அடிக்கடி மயங்கி நின்றதால், மலையில் குளிர் சும்மாவே கிடைக்கிறது என்று சென்னையில் யோசித்து, லாரிகளில் பிரித்துப் போட்டு வத்தலக்குண்டு வழியாக மேலே ஏற்றினார்கள். ஏற்றிய கையோடு, கம்ப்யூட்டர் அறைக்கான விதிமுறைப்படி ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து நான்கு ஏ.சி. மாட்டினார்கள். வெளியே ஊரே குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக நடுங்கிக்கொண்டிருக்க, உள்ளே நான்கும் ஓடின. அவை ஓடத் தொடங்கியதும் நாயுடுபுரம் வீடுகளில் பல்புகள் சிவந்து பாக்கு அளவுக்குச் சுருங்கின. ஏ.சி.யின் பின்பக்கச் சூடு விழுந்த சந்தில் ஒரு மாமரம் முளைத்து, அதே வருஷம் காய்த்தது. செண்பகனூரிலிருந்து பெண்கள் வடகம் காயப்போட டவுன் பஸ் ஏறி அந்தச் சந்துக்கு வந்தார்கள்.

கம்ப்யூட்டரை இயக்கியவள் புஷ்பமேரி. அவள் கணவர் உபகாரம் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவள் மதுரையிலும் அவர் மலையிலுமாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் மலையேறியபோதுதான் அவளும் ஏறினாள். அதனால், மின்செலவைப் பாதியாகக் குறைக்காவிட்டால் இயந்திரம் ஆபரேட்டரோடு மதுரைக்கே திரும்பும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உபகாரம் விடுதிச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார். விடுதிப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

அறையை நவீனமாக்க அருளப்பன் என்ற இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், தும்மிக்கொண்டே இருப்பார். ஒரு வாரம் அறையைச் சுற்றி நடந்துவிட்டு, செங்கல்லை இடித்து ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். ஏ.சி.க்களை நிறுத்தினார்கள். கதகதப்பான காற்று வெளியே போனதும் மூடுபனி முதலில் தலையை நீட்டிப் பார்த்தது, பிறகு முழுதாக உள்ளே வந்து இயந்திரத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. இயந்திரம் குளிர்ந்தது. ஆனால் கணக்குகளைப் பதிந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் துளையிட்ட அட்டைகளெல்லாம் நமுத்த அப்பளமாகி, மன்னவனூர் பூண்டு விளைச்சலைக் கேட்டால் பண்ணைக்காட்டு வாழைத்தாரின் கணக்கு வந்தது. அருளப்பன் தும்மினார். புஷ்பமேரிதான் மூடுபனியைப் பார்த்து, "வர்றதுன்னா ஈரத்தை வாசல்ல வச்சிட்டு வா. இங்க ஆபீஸ் சோலி நடக்குதுல்ல" என்றாள். மறுநாள் காலை வாசலில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. உள்ளே மூடுபனி காய்ந்த பஞ்சாக இயந்திரத்தின் மேல் படுத்திருந்தது. ஊரில் பல்புகள் மறுபடியும் பெருத்தன. நவீனமயமாக்கல் முடிந்ததென்று அருளப்பன் சென்னைக்கு எழுதினார்.

அடுத்த மே மாதம் சீசன் களைகட்டியபோது ஒருநாள் மூடுபனி வரவில்லை. சுற்றுலாக் கூட்டம் கைதட்டுகிறதென்று அது தூண்பாறையில் போய் நின்றுகொண்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மின்செலவைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. சூட்டில் இயந்திரத்தின் மேல் கை வைக்க முடியவில்லை. ஏ.சி.யைப் போட்டால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். புஷ்பமேரி செருப்பை மாட்டிக்கொண்டு தூண்பாறைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே மூடுபனி பாறைகளை மறைப்பதும் காட்டுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. மறைக்கும்போதெல்லாம் கூட்டம் 'ஓ'வென்று கூவியது. புஷ்பமேரி கம்பி வேலியோரம் போய் நின்றாள்.

"வேலையப் போட்டுட்டு இங்க வந்து போஸ் குடுத்துக்கிட்டு நிக்கிற" என்று ஆரம்பித்தவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மெஷின் கீழ போனா நானும் போகணும். எங்க வீட்டுக்காரரு ஆக்குறதை ஊர்ப்பிள்ளைக எல்லாம் தெனம் திங்குதுக. நான் மாசத்துல ஒரு வேளை தின்னவ. இப்பத்தான் ரெண்டு வருசமா ஒரே தட்டுல சாப்பிடுறோம். அது ஒனக்குப் பொறுக்கலையா?"

மூடுபனி அசையாமல் நின்றது. கூட்டம் கூவியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு வேலியைத் தாண்டி வந்து அவள் பின்னாலேயே பஸ்ஸில் ஏறியது.

பஸ்ஸுக்குள் யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. கண்டக்டர் பொன்னுவேல் சீட்டுகளைத் தடவிக்கொண்டே வந்தார்.

"யக்கா, இது ஒங்ககூட வந்ததாங்க?"

"ஆமாங்க."

"ஆளா, லக்கேஜாங்க?"

"கவர்மெண்ட் ஸ்டாஃபுங்க."

"அப்ப ஒரு ஃபுல் டிக்கெட். நின்னுக்கிட்டு வரச் சொல்லுங்க, சீட்டு நனையுது."

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. தலைவர் இயந்திர அறைக்குள் நுழைந்ததும் தன் கால்கள் தெரியாமல் திகைத்து, சால்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மூடுபனி கிடைக்கும் மற்ற அலுவலகங்களும் இம்முறையைப் பின்பற்றலாம் என்று எழுதிவிட்டு, மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை உபகாரம் விடுதியிலிருந்து வெரசாகக் கிளம்பி, அலுவலக வாசலிலேயே தூக்குச்சட்டியைத் திறந்தார். கோழிக்குழம்பு. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒரே சட்டியில் தின்று முடித்தார்கள்.

1988-இல் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. தகரப் பெட்டி அளவுதான். சூடே கிடையாது. பழையதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். புதியதை இயக்க ஆள் வேண்டுமென்று புஷ்பமேரி அங்கேயே இருந்தாள். அடுத்த நாள் காலை மூடுபனி வழக்கம்போல் வந்து, இயந்திரம் இருந்த வெறும் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மூலையில் ஒதுங்கி நின்றது. இனி இதை என்ன செய்வதென்று டைப்பிஸ்ட் சகாயராணி கேட்டாள்.

"இத்தன வருசம் வேலை பாத்த ஆளு. வந்துட்டுப் போகட்டும்மா" என்றார் மேலாளர் மரியஅந்தோணி. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போடச் சொன்னார். போட்டார்கள். மூடுபனி உட்கார்ந்தது.