செருப்பைக் கழற்ற வைக்காத படம்

வெள்ளிக்கிழமை வெளியாகும் படங்களுக்கு நாலு வரியில் விமர்சனம் எழுதுவது என் பிழைப்பு. கறாரான ஆள் என்று பெயர். ஆனால் தியேட்டரில் நான் பாதி நேரம் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவியின் காலைத்தான். படம் பிடித்துவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி மடித்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் செருப்பு காலிலேயே இருக்கும். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்து, மனைவி உதவிக்கு அவள் ஊருக்குப் போனதிலிருந்து என் எழுத்து வழவழ கொழகொழ என்று ஆகிவிட்டது.

"என்னய்யா, எல்லாப் படத்தையும் ஒரு தடவை பார்க்கலாம்னே எழுதித் தள்றே?" என்று பத்திரிகை ஆசிரியர் கத்தினார். எனக்கும் ரோஷம் வந்தது. இந்த வாரப் படத்தை, 'அற்புதம், தவறவிடாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். படம் ஓடியபோது பக்கத்து சீட்டில் இருந்தது என் பை.

ஞாயிறு மதியம் மனைவி போன் செய்தாள்.

"குழந்தையை மாப்பிள்ளைகிட்ட விட்டுட்டு, நீங்க எழுதினதை நம்பி நானும் பொண்ணும் படத்துக்குப் போனோம்."

"எப்படி இருந்துச்சு?"

"செருப்பைக் கழட்டவே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைப் பார்க்கும் விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா இத்தனை வருஷமா அந்த ஏசி குளிர்ல வெறுங்காலோட உக்காந்திருந்தேன்?"

நாலு வரி எழுதுகிறவனுக்கு ஒரு வரிதான் வந்தது.

"எப்ப வர்றே?"