ஆறாவது ஜோடி

பெட்டியை மூட இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. ஐசக் பின்னறையில் உட்கார்ந்து லூட் வாத்தியத்திலிருந்து ஒரு தடித்த தந்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் ஒரு வழின்னா எங்கண்ணனுக்குத் தனி வழி. பாஸ்டர் வந்து உக்காந்திருக்காரு. போயி கூட்டிட்டு வா கண்ணு," என்று எஸ்லின் அத்தை லிபியாவை அனுப்பினாள்.

லிபியா கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். கூடத்தில் பெட்டிக்குள் அம்மா இருந்தாள். நேற்றுக் காலை பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தவள் நிமிரவேயில்லை.

பாகலூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் தகடு அடித்து ரிட்டயரான மனிதர் அப்பா. பொழுதைப் போக்க உலகத்தில் எத்தனையோ இருக்க, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய வாத்தியம்தான் கிடைத்தது அவருக்கு. படம் பார்த்து அவரே செய்தது. பாதியாக அறுத்த மாம்பழம் போல முதுகு உருண்டிருக்கும். தந்திகள் ஜோடி ஜோடியாக ஓடும். தகராறெல்லாம் கடைசியான ஆறாவது ஜோடியில், மந்தர ஜோடியில்தான். இரண்டையும் தடித்த தந்தியாக ஒரே சுருதியில் கட்டலாம். அல்லது ஒன்றை மட்டும் மெல்லியதாக, ஒரு ஸ்தாயி மேலே கட்டலாம். அப்பா ஒரே சுருதிக் கட்சி. சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடிய அம்மா எதிர்க்கட்சி.

"ரெண்டும் தடியா இருந்தா தூங்குமூஞ்சியாட்டம் இருக்குதுங்க. சின்னது ஒண்ணு சேத்துப் பாருங்க, முழிச்சுக்கும்," என்பாள். செல்போனில் இரண்டையும் போட்டுக் காட்டுவாள்.

"ஒரு வித்தியாசமும் இல்ல ஜெயா," என்பார் அப்பா.

வருடம் முழுக்க இதே வழக்கு. பிறகு ஒருநாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று, கூடவே வைத்து அனுப்ப அவளுடைய பைபிளை எடுத்தபோது உறைக்குள் ஒரு சின்னக் கவர் இருந்தது. அவளே வாங்கி வைத்திருந்த மெல்லிய தந்தி.

"ஒரு தடவ கேட்டுட்டுப் போவட்டும் பாப்பா," என்றார் அப்பா. "ஒரே ஒரு தடவ."

கட்டினார். சுருதி சேர்க்கும்போது அவர் வாத்தியத்தைப் பார்ப்பதில்லை. எப்போதும் அம்மா முகத்தைத்தான் பார்ப்பார். அவள் தாடையை உயர்த்தினால் ஏற்ற வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும், கண்ணை மூடினால் சரி. இன்று லிபியாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடினாள்.

தடித்த குரலின் மேல் சின்னதாக ஒரு வெளிச்சக் குரல் எழுந்தது. அம்மா சொன்னதுதான் சரி.

"அழகா இருக்குதுப்பா."

"நெசமாவா?" அப்பா மறுபடி மீட்டினார், காதை மரத்தோடு ஒட்டி வைத்தார். "எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது."

லிபியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிடிவாதம் இல்லை. அந்தக் குரலை பிரஸ் ஷாப்பின் இரைச்சல் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் தோற்றுப்போயிருக்கிறாள். லிபியா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கூடத்தில் பாட்டு முடிந்திருந்தது. மூடியைத் தூக்க நின்ற இருவரும் அப்பா லூட்டோடு வருவதைப் பார்த்துக் கையை எடுத்தார்கள். எஸ்லின் அத்தை ஒதுங்கி வழிவிட்டாள். அப்பா தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கடைசி ஜோடியை மீட்டினார்.

புதுத் தந்தியில் சுருதி நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும். அதற்குள் நன்றாகவே இறங்கியிருந்தது. பாடகர் குழுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கால்மாட்டில் நின்ற லிபியா, அப்பா பார்க்கட்டுமென்று தாடையை உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்று தலையாட்டிவிட்டு லூட்டை மடியில் சாய்த்துக்கொண்டார். அவர்கள் மூடியைத் தூக்கினார்கள்.