கடைசியாகப் பேசியது யாரிடம்

புருஷன் வெர்னனைத் தலைமுழுகி ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று டார்லா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமுழுகியவளுக்கு இத்தனை வயிற்றெரிச்சல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் அயோவாவில் வான்கோழி வெட்டும் ஆலை. எலும்பு நீக்கும் வரிசைக்கு டார்லா மேற்பார்வையாளர், அவளுக்குக் கீழே கத்தி பிடித்தவள் மார்னி. வெர்னன் டார்லாவை விட்டுவிட்டுக் குடித்தனம் போனது இந்த மார்னியோடுதான். அவனுக்கு ஈரலில் புற்றுநோய் வந்ததும் மார்னி அடிக்கடி லீவு போட்டாள். வராத நாளுக்கு ஒரு புள்ளி, புள்ளி நிறைந்தால் வேலை போச்சு, இதுதான் ஆலை வழக்கம். அவன் செத்த நாளில் அவளுக்குக் கடைசிப் புள்ளி விழுந்தது. அடக்கம் முடித்து வந்தவளை வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதும் டார்லாவுக்கு ஆறவில்லை. சர்ச்சுப் பெண்கள் அத்தனை பேரும் துக்க வீட்டுச் சாப்பாடாகச் சுடச்சுட நூடுல்ஸ் தட்டுகளோடு மார்னி வீட்டுக்குத்தான் போனார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அவனுக்குச் சட்டை துவைத்துப் போட்டவள் வீட்டுப் பக்கம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அரசாங்கம் மார்னிக்கு வேலையிழப்பு உதவித்தொகையும் கொடுக்க ஆரம்பித்தது. புருஷனும் அவளுக்கு, துக்கமும் அவளுக்கு, இப்போது இதுவும் அவளுக்கா? டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த உதவித்தொகையை எதிர்த்து ஆலை மேல்முறையீடு செய்தபோது சாட்சி சொல்ல அவளே முன்வந்தாள்.

விசாரணை போனில்தான் நடக்கும். மனிதவள அலுவலர் பிரென்ட் தன் அறையில் ஸ்பீக்கரைத் தயார் செய்தார்.

"விஷயம் ஒண்ணுதான், டார்லா. லீவு சொல்றதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. கடைசி நாள் அவ அதுக்குக் கூப்பிடல. உங்களுக்கும் சொல்லலன்னா காசு நின்னுடும்."

"அந்த நம்பருக்கு யாரு சார் கூப்பிடுறா? மெஷின்தான் பேசும். எல்லாரும் என் செல்லுக்குத்தான் அடிப்பாங்க."

"அடிச்சேன்னுதான் அவளும் சொல்றா. ஆதாரம் எதுவும் அனுப்பல. அடிச்சாளா?"

"இல்ல."

அடித்தாள். ஷிப்ட் தொடங்கும் முன்பே அடித்தாள். "டார்லா, இன்னிக்கு நான் வரல. அவரு தாங்கமாட்டாரு போல. உங்ககிட்ட பேசணும்ங்கறாரு. இருங்க, அவருகிட்ட குடுக்குறேன்" என்றாள். அந்தக் 'குடுக்குறேன்'தான் டார்லாவைச் சுட்டது. யார் சொத்தை யார் எடுத்துக் கொடுப்பது? வெடுக்கென்று துண்டித்துவிட்டு, மார்னி பெயருக்கு எதிரே 'சொல்லாமல் வரவில்லை' என்று பதிந்தாள்.

நீதிபதி ஒரு பெண். சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கச் சொன்னார். யாரும் பார்க்காத கையை டார்லா தூக்கினாள்.

"அவங்க அன்னிக்கு வரமாட்டாங்கன்னு உங்களுக்கு ஏதாவது வகையில தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சரி. மார்னி, நீங்க இப்ப சாட்சிய விசாரிக்கலாம். கேள்வி மட்டும் கேளுங்க. உங்க கதைய அப்புறம் சொல்லலாம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திட்டட்டும் என்று டார்லா காத்திருந்தாள்.

"டார்லா, அன்னிக்கு போன்ல அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

பிரென்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"போனை அவரு கையில குடுத்துட்டு நான் வெளிய போயிட்டேன். அது உங்க ரெண்டு பேரு பேச்சுன்னு. திரும்பி வந்தப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. அப்புறம் என்கிட்ட வாயே திறக்கல. கடைசியா பேசினது உங்ககிட்டதான். எனக்கு அது பொறுக்கல, டார்லா. என்னதான் சொன்னாரு?"

டார்லா துண்டித்த போனிலா அவன் அத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தான்?

"இது வழக்குக்கு வேண்டாத கேள்வி," என்றார் நீதிபதி. "ஆனா சாட்சிகிட்ட நானே கேக்குறேன். அப்படி ஒரு போன் வந்துதா?"

பிரென்ட் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போன் வரவில்லை என்று சொன்னால் மார்னியின் காசு நின்றுவிடும். ஆனால் வெர்னன் கடைசியாகப் பேசியது டார்லாவிடம் இல்லை என்றும் ஆகிவிடும். ஆறு வருஷத்தில் மார்னிக்குக் கிடைக்காமல் தனக்கு மட்டும் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுப்பாளா அவள்?

"வந்துது," என்றாள். "முதல்ல மறைச்சிட்டேன். வரமாட்டேன்னு அவ சொன்னா. அப்புறம் வெர்னன் பேசினாரு."

பிரென்ட் பேனாவை மேசையில் போட்டார்.

"என்ன பேசினாரு?" என்றாள் மார்னி.

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உன்கிட்ட சொல்ல முடியாது."

மார்னி அழுதாள். உதவித்தொகை இனி அவளுக்கு நிற்காது, அது தெரிந்தும் அழுதாள். இத்தனை வருஷமாக அந்த அழுகையைக் கேட்கத்தான் டார்லா தவித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து முழுக்கக் கேட்டாள். வெர்னன் என்ன சொன்னான் என்று கேட்க டார்லாவுக்குத்தான் ஆள் இல்லை.